ஐந்து மில்லிமீட்டர்

ஏப்ரலில், பனி உருகிய மறுநாள்,
பின்வாசல் மரத்தளத்தின் மூன்றாம் பலகை
ஊர்ஹோவின் இடக்காலை முழங்கால்வரை விழுங்கியது.
கையிலிருந்த காப்பி சிந்தவில்லை.
தையல் போட்ட டாக்டரிடமும் அதைத்தான் சொன்னான்.

டார்ச் அடித்துப் பொத்தலுக்குள் பார்த்தேன்.
மக்கிய ஊசியிலை, ஒரு பாட்டில் மூடி,
அதனருகில் சவுனா அறையின் சாவி.
இரண்டாயிரத்து ஆறில் நான் தொலைத்ததாக
அவன் இன்றுவரை நம்புகிற அதே சாவி.
சொல்லவில்லை. கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இனி மரம் வேண்டாம்" என்றான்.
வருடா வருடம் சுரண்டல், எண்ணெய், மறுபடி சுரண்டல்.
அவன் முட்டி ஒத்துழைக்காது, என் தோளும்.
ஆர்தர் தெருக் கடைக்காரர் ஐந்து துண்டுகள் தந்தார்,
ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம்.
மழைக்காட்டுத் தேக்கு. புகைந்த வால்நட். கடலோரச் சாம்பல்.
தேக்கில் தேக்கு இல்லை.
அறுவை ஆலையின் தூளையும்
பழைய பிளாஸ்டிக்கையும் உருக்கி அழுத்தியது.
எங்கள் வீட்டுப் பால் பை ஒன்றிரண்டு
அதற்குள் தேக்காகியிருக்கலாம்.
விலை மட்டும் நிஜத் தேக்கு.

தண்டர் பே துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம்
கோதுமைக்குத் தரம் போட்டவள் நான்.
ஒரு கைப்பிடியில் ஒரு ரயில் பெட்டியை அறிகிற வேலை.
பெயரை நம்பமாட்டேன். கைப்பிடியை நம்புவேன்.

ஐந்தையும் ஒரு வாரம் மூஸ் இறைச்சியோடு உறையவைத்தேன்.
பீட்ரூட் சாற்றில் ஓர் இரவு.
சாவியால் கீறினேன், அதே சாவியால்,
அவன் தூங்கும்போது.
மேலுறை இல்லாத துண்டு சிவப்பைக் குடித்துவிட்டுக்
கடைசிவரை திருப்பித் தரவில்லை.
உள்ளே கூடான ஒன்று, தட்டினால்
பேச்சுக்குச் சிரிக்கிறவர் சிரிப்புப் போல ஒலித்தது.
ஜூலை மதியம் வால்நட்டின்மேல் குதிகாலை வைத்தேன்:
அடுப்பில் மறந்த வாணலி.
பக்கத்து வீட்டு லோர்ன் வேலி மேல் எக்கிச் சொன்னார்,
பராமரிப்பு வேண்டாம் என்றார்களாம்,
துடைப்பம் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டாராம்.
அவர் தளத்தின் நிழல் மூலையில்
மிளகு தூவியதுபோல் பூஞ்சை.
எங்கள் நாய் ஹில்லா எல்லாவற்றையும் முகர்ந்து
சாம்பலின் ஓரத்தில் மூக்கை வைத்துப் படுத்தது.
அதையும் ஓர் ஓட்டாக எண்ணினோம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்றைத் தவறவிட்டிருக்கிறேன்.
கட்ட வந்த கார்லீன் நபிகோன்
என் நோட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்:
"உள்ளங்கை அளவில் எதுவும் நீளாது.
பதினாறு அடிப் பலகை நீளும்.
வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும்.
இன்று குளிர். முனைக்கு முனை
கூடுதலாக விட்டாக வேண்டும்."
ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குத்தான்.
கோதுமை என்னிடம் ஒருபோதும்
இடம் கேட்டதில்லை.

பழைய சட்டங்கள் தள்ளித் தள்ளி நின்றன;
இந்தப் பலகை அதில் தொய்ந்துவிடுமாம்.
பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாய்ப் புதிதாக இறக்கினாள்.
பலகைக்கு இருபத்தைந்து வருட உத்தரவாதம்.
கீழே தாங்குவது இப்போதும் மரம்தான்,
அதற்கு யாரும் தாள் தரவில்லை.
ஊர்ஹோ தாளை இருமுறை படித்தான்.
"தொண்ணூற்றாறு வயதில் போய்ச் சண்டை போடலாம்."

செப்டம்பர் முடிவில் வெளியே முதல் காப்பி.
பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர்.
மழை இறங்கும்.
ஊசியிலை பாதி இறங்கும், பாதி மாட்டிக்கொள்ளும்.
சாவியை எடுத்து இடுக்கின்மேல் வைத்துப் பார்த்தேன்.
படுக்கப் போட்டால் நிற்கிறது.
நிமிர்த்தினால் போய்விடும்.

"என்ன அது?" என்றான் ஊர்ஹோ.

நிமிர்த்தினேன்.